பெஞ்சில் உட்காருகிறவனுக்கும் முழு டிக்கெட்

எங்கள் குடும்பத்தோடு தீம் பார்க் போனால் பை காக்கும் வேலை என்னுடையது. ரோலர் கோஸ்டர் எனக்கு ஆகாது. ஊஞ்சல் கொஞ்சம் வேகமாக ஆடினாலே தலை சுற்றும் ஆள் நான். அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளும் வரிசைக்குள் போய் மறைந்ததும், நிழலாக ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். மடியில் ஒரு பை, காலடியில் இரண்டு பை, கையில் யாரோ பாதி தின்றுவிட்டுக் கொடுத்த பாப்கார்ன். அவர்கள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகலாம், ஒன்றரை மணியும் ஆகலாம். ஆனால் டிக்கெட் விலையில் மட்டும் எனக்கும் அவர்களுக்கும் ஒரு டாலர் வித்தியாசம் கிடையாது.

அடுத்த விடுமுறைக்கு ஃபுளோரிடாவின் தீம் பார்க்குகளில் ஐந்து நாள் என்று அண்ணி ஒரு எக்செல் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். கீழே ஒரு வரி: "தம்பி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க, இவ்வளவு கொட்டிக் கொடுத்துப் போகணுமா?" பார்த்தேன். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்து, அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். "அன்று 1 டாலர், இன்று 200 டாலர்" என்று இதைப் படம் போட்டுப் பகிர்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்த 1 டாலர் வாசலைத் தாண்டுவதற்கு. உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. அதே ஆண்டு டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். பிறகு டி சேர்ந்தது, 1959-இல் ஈ சேர்ந்தது. குதிரை இழுக்கும் வண்டியில் தெருவைச் சுற்ற ஏ சீட்டு போதும். மேட்டர்ஹார்ன் என்ற செயற்கைப் பனிமலை ரைடில் சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டுமானால் ஈ சீட்டு வேண்டும்.

என்னைப் போன்ற ஆளுக்கு அது பொற்காலமாக இருந்திருக்கும். வாசல் காசைக் கொடுத்துவிட்டு, இரண்டு ஏ சீட்டு வாங்கிக்கொண்டு, மிச்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பேன். 1982-இல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். 12 டாலர் கொடுத்து உள்ளே போனால் எத்தனை ரைடு வேண்டுமானாலும் போகலாம் என்றாக்கினார்கள். பத்து ரைடு போகிறவனுக்கு லாபம். பை காக்கிறவன் அன்றிலிருந்து அடுத்தவன் ரைடுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறான்.

சரி, அதையாவது ஒப்புக்கொள்ளலாம். ஒரே விலை, உள்ளே போன பிறகு பர்ஸை எடுக்க வேண்டாம், பிள்ளைகள் "இன்னொரு தடவை" என்றால் யோசிக்க வேண்டாம். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டுதான். அந்த 12 டாலருக்கு 2024 விலைவாசியில் சுமார் 39 டாலர் மதிப்பு. 2024 அக்டோபரில் அதே டிஸ்னிலேண்டில் ஒரு நாள் டிக்கெட், நாளைப் பொறுத்து 104 டாலரிலிருந்து 206 டாலர் வரை. விலைவாசி ஏற்றம் என்று சொல்லி இதைச் சமாளிக்க முடியாது. புது ரைடுகள் வந்திருக்கின்றன, பக்கத்திலேயே இரண்டாவது பூங்கா வந்திருக்கிறது, எல்லாம் சரி. அப்படியும் இடிக்கிறது.

எனக்கு உண்மையில் உறுத்துவது அந்த 206 அல்ல. 1982-இல் எடுத்துப்போட்ட சீட்டுப் புத்தகம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டதுதான். 1999-இல் ஃபாஸ்ட் பாஸ் என்று ஒன்று வந்தது: ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள், அந்த நேரத்துக்குப் போனால் நீண்ட வரிசையில் நிற்க வேண்டாம். இலவசம். 2021-இல் அதை நிறுத்திவிட்டுக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். இப்போது அதன் பெயர் லைட்னிங் லேன். மொத்தமாக ஒரு பாஸ் உண்டு. கூட்டம் அம்மும் பெரிய ரைடுக்குத் தனியாக ஒரு பாஸ் உண்டு. அந்தத் தனிப் பாஸ் ஈ சீட்டு இல்லாமல் வேறென்ன? அன்று ஈ சீட்டு இருந்தபோது வாசல் கட்டணம் சொற்பம். இன்று வாசலிலும் முழு விலை, உள்ளேயும் ரைடுக்கு விலை. 2024 அக்டோபரில் டிஸ்னிலேண்டில் பிரீமியர் பாஸ் என்று வந்ததே, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் முன்வரிசையில் போய் ஏறிக்கொள்ள, அது வந்தபோது விலை ஆளுக்கு 400 டாலர். நுழைவு டிக்கெட் அதில் சேராது!

டிஸ்னியின் போட்டியாளரான யுனிவர்சல் பூங்காக்களில் எக்ஸ்பிரஸ் பாஸ், மற்ற இடங்களில் வேறு வேறு பெயர். எல்லாம் ஒரே சரக்குத்தான். ஒரு ரோலர் கோஸ்டர் மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ் விற்றதால் அது ஆயிரத்து ஒன்று ஆகிவிடாது. காசு கொடுத்தவர் முன்னால் போகப் போக, கொடுக்காதவர் அதே அளவுக்குப் பின்னால் போகிறார். இரண்டு வரிசையும் சேரும் இடத்துக்கு நேர் எதிரில் என் பெஞ்சு அமைந்த நாட்கள் உண்டு. ஒரு பணியாளர் கையை நீட்டி நிற்பார். பாஸ் வரிசையிலிருந்து கொத்தாக ஆட்களை விடுவார், பிறகு சாதா வரிசையிலிருந்து ஒரு குடும்பம், மறுபடி ஒரு கொத்து. சாதா வரிசையில் முதல் ஆளாக நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் பொறுமையாக நின்ற மனிதர், அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் அடுத்த ரைடுக்காவது பாஸ் வாங்கிவிடலாம் என்று முடிவுக்கு வருவார். யானையை வாங்கியவனுக்கு அங்குசத்துக்கு யோசிக்க மனசு வராது என்பது இந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போன முறை நாங்களும் பாஸ் வாங்கினோம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். வாங்கிய கையோடு, எதற்காக வாங்கினோமோ அந்த ரைடு நின்றுவிட்டது. பழுது. பணம் திரும்ப வராது, வேறு ரைடுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஆப் சொன்னது. அந்த வேறு ரைடில் சாதா வரிசையே பத்து நிமிடம்தான். அண்ணன் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பெஞ்சுக்கு வருவதெல்லாம் அபூர்வம்.

இப்போது பிள்ளைகள் கணக்கு. 3 வயதுக்குக் கீழே இலவசம், 10 வயதிலிருந்து பெரியவர் விலை. நடுவில் இருப்பது குழந்தை டிக்கெட் என்று பெயர்தான், பெரியவர் டிக்கெட்டை விடச் சில டாலர்தான் குறைவு. விலைக்கு வயதைப் பார்க்கிறார்கள், ரைடில் ஏற்ற உயரத்தைப் பார்க்கிறார்கள். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஸ்பேஸ் மவுண்டன் கோஸ்டருக்கு 112 செ.மீ. வேண்டும். யுனிவர்சலில் ஹாக்ரிட் பைக் கோஸ்டருக்கு 122, வெலாசிகோஸ்டருக்கு 130.

எங்கள் சின்னவள் ஒரு ரைடு வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்றதை மறக்க முடியாது. அண்ணி அன்று காலை வேண்டுமென்றே உச்சியில் தூக்கிக் குடுமி போட்டுவிட்டிருந்தார்கள். ஷூவும் தடித்த அடி வைத்தது. அங்கே நின்ற பெண் சிரித்துக்கொண்டே குடுமியை உள்ளங்கையால் அமுக்கினார். குதிகாலைக் கீழே வைக்கச் சொன்னார். கோலுக்கும் தலைக்கும் நடுவில் அவரது இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. சின்னவள் அழவில்லை, நேராக வந்து என் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, "சித்தப்பா, உங்களுக்கு எத்தனை சென்டிமீட்டர் பத்தல?" என்று கேட்டாள். ஆக அன்று பெஞ்சில் இரண்டு முழு டிக்கெட்.

(சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய பூங்காக்களில் ரைடர் ஸ்விட்ச் உண்டு. ஒருவர் குழந்தையோடு வெளியே நிற்க, மற்றவர் போய்விட்டு வந்ததும் இவர் வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். காசு கிடையாது. வாசலில் நாமாகக் கேட்க வேண்டும். தனியாக ஏறச் சம்மதித்தால் சிங்கிள் ரைடர் வரிசையும் பல இடங்களில் இலவசம்.)

இவ்வளவு புலம்புகிறவன் ஏன் போகிறான் என்று கேட்பீர்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும். ரைடு இல்லாமலே பிடிக்கும். மேஜிக் கிங்டமில் நாம் நடக்கும் தெரு உண்மையில் மாடி. தரைமட்டத்தில் பணியாளர்களுக்கான சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன. கௌபாய் வேடம் போட்டவர் எதிர்கால நகரத்துக்கு நடுவே நடந்து போய்க் காட்சியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை அப்படிக் கட்டினார்களாம். குப்பையைக் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள், லாரி எதுவும் கண்ணில் படாது. ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் வீடு போன்ற ரைடுகளில் நாற்காலிகள் சங்கிலித் தொடராக ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வரிசை நின்று நிதானிக்காமல் போய்க்கொண்டே இருக்கும். மெதுவாகத்தான் போகும் என்பதால் நானும் ஏறுவேன். ஒரு கூட்டத்தை முகம் சுளிக்காமல் நகர்த்துவது எவ்வளவு பெரிய கலை என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். அதற்கு நான் தாராளமாக வாசல் காசு கொடுப்பேன். வாசல் காசை மட்டும்.

அப்படிக் கேட்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் கனோபல்ஸ் (Knoebels) என்ற பூங்காவில் நுழைவும் பார்க்கிங்கும் இலவசம், ஏறுகிற ரைடுக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். கோபன்ஹேகனில் 1843-இலிருந்து இருக்கும் டிவோலியில் நுழைவு தனி, ரைடு தனி. இண்டியானாவின் ஹாலிடே வேர்ல்டில் நுழைவுக்குக் காசு உண்டு, ஆனால் குளிர்பானம், பார்க்கிங், சன்ஸ்கிரீன் எல்லாம் அதற்குள் அடக்கம். டிஸ்னியே வேண்டுமென்றால் டோக்கியோவில் 2023 அக்டோபரிலிருந்து பெரியவர்களுக்கு ஒரு நாள் 7,900 முதல் 10,900 யென். அங்கே உச்ச நாளின் விலையே கலிபோர்னியாவின் மலிவான நாளை விடக் குறைவு. அந்தப் பூங்காவின் உரிமையாளர் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். விமானச் செலவு உங்கள் ஊரைப் பொறுத்தது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அண்ணியின் கணக்கில் நான் தடுமாறிய இடம் நாட்களின் எண்ணிக்கை. நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான டிக்கெட் விலை குறையும். "நாலாவது, அஞ்சாவது நாள் கிட்டத்தட்ட சும்மா மாதிரி" என்று அண்ணி மஞ்சள் வண்ணம் அடித்துக் குறிப்பு எழுதியிருந்தார்கள். டிக்கெட் சும்மா மாதிரிதான். ஹோட்டல் சும்மா இல்லை, சாப்பாடு சும்மா இல்லை, அன்றைய லைட்னிங் லேன் சும்மா இல்லை. ஐந்தாவது நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அன்று பெஞ்சில் எனக்கு இடமே கிடைக்காது. மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு அப்பா பவர் பேங்கைச் செருகிய போனோடு சாய்ந்திருப்பார், தள்ளுவண்டியில் குழந்தை தூங்கும், அம்மா "இவ்வளவு கொடுத்துட்டு வந்து தூங்கறதா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார்.

அதனால் நான் அனுப்பிய திருத்தம் இது. பூங்காவுக்கு மொத்தமே ஒரு நாள், கூட்டம் குறைந்த வார நாளாக. திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பது, முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிய ரைடுகளை முடித்துவிடுவது, பாஸ் வாங்காமல் இருப்பது. மிச்ச நாட்கள் கடற்கரை. அந்த ஒரு நாளுக்கு 150 டாலர் கேட்டாலும் கொடுக்கலாம், பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஐந்து நாள் போனால் ஐந்து மடங்கு பேசப்போவதில்லை. கடன் வாங்கிப் போவதாக இருந்தால் ஒரு நாளும் வேண்டாம். சின்னவள் 122-ஐத் தொடும்வரை தள்ளிப் போடலாம், குடிமுழுகிவிடாது.

அண்ணி ஒப்புக்கொண்டது கடற்கரையை மட்டும். இரண்டு நாளாவது வேண்டும் என்கிறார்கள். பெரியவனுக்கு மார்ச்சில் 10 வயது ஆகிறது, இப்போதே 131 செ.மீ., அதற்குள் போனால் எல்லா ரைடும் குழந்தை விலையில் என்பது அவர்கள் வாதம். அந்த வித்தியாசம் சில டாலர்தான் அண்ணி, விட்டுவிடுங்கள் என்றேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிப்ரவரி தேதிகளோடு புது எக்செல் வந்திருக்கிறது.