தனுஷ்கோடி மணலில் ஐந்து நாள்

5 மார்ச் 2026, வியாழன்

விடிவதற்குள் ராமேஸ்வரத்திலிருந்து ஆட்டோ பிடித்துவிட்டேன். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் வெகு தூரத்தில் நின்றன. எண்ணத் தொடங்கி, நூற்றெழுபதில் ஒரு கூட்டம் எழுந்து இடம் மாறிவிட்டதால் விட்டுவிட்டேன். 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. ஆட்டோக்காரரே இப்போது வண்டியை நிறுத்தி, "பிளமிங்கோ பாருங்க சார்" என்கிறார்.

நான் வந்தது அதற்காக இல்லை. நான் தேடுவது உள்ளங்கையில் அடங்குகிற பறவை, அனுமன் உப்புக்கொத்தி. கென்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினம் என்றுதான் நெடுங்காலமாக இதை வைத்திருந்தார்கள். 2023-இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது தனி இனம்தான் என்று காட்டினார்கள். இரண்டும் பிரிந்து பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம். கென்டிஷ் குளிர்காலத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும். இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும்.

சேதுவை நினைத்து அனுமன் பெயரை வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அணில் பெயர்தான் பொருத்தம். இவ்வளவு சின்ன உருவம், மணலில் இவ்வளவு ஓட்டம்!

6 மார்ச், வெள்ளி

இங்கே வடக்குப் பக்கம் பெண்கடல் (பாக் நீரிணை), தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா). நடுவில் ரோடு. இன்று பெண்கடல் பக்கம் நன்றாக வற்றியிருந்தது. சேற்றில் கொசு உள்ளான்கள், கல்திருப்பி உள்ளான் நாலு, தனியாக ஒரு குதிரைமலைக் கோட்டான். உப்புக்கொத்திகளும் இருந்தன. ஆனால் எது எது? அனுமனுக்குக் கால் அடர் சாம்பல், கென்டிஷுக்குக் கறுப்பு. அலகும் இறக்கையும் வாலும் அனுமனுக்குக் கொஞ்சம் குட்டை. படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஈரச் சேறு ஒட்டினால் எல்லாக் காலும் கறுப்புதான்.

எட்டரைக்கு மேல் கானல் எழும்பிவிடுகிறது. அப்புறம் 600 மி.மீ. லென்ஸ் இருந்தும் பிரயோசனமில்லை. பறவை தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி நெளிகிறது.

திரும்பும் வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே செம்பருந்துகள். பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி காலையில மணல்ல கவுந்து கிடந்தீக? மயக்கமா?"

"இல்லண்ணே, குருவி படம் எடுத்தேன்."

"உள்ளானா? அதுல என்ன கறி இருக்கு!"

7 மார்ச், சனி

இன்று கிடைத்தது. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை.

அடப்பங்கொடி படர்ந்த மேட்டை ஒட்டி ஒரு பெண் பறவை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கால் நல்ல அடர் சாம்பல். குப்புறப் படுத்து, கேமராவை மணல்மூட்டையில் வைத்து, முழங்கையால் ஊர்ந்து போனேன். வெள்ளை மணல் என்பதால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டினேன். பறவை ஓடிவிடும் என்று நினைத்தால், என்னை நோக்கி வந்தது. இருபது அடி, பதினைந்து அடி. திடீரென்று இடப்பக்கம் சரிந்து, ஒரு இறக்கையை மணலில் இழுத்தபடி தத்தித் தத்திப் போனது. விரலை எடுக்கவே இல்லை, 340 படம். பின்திரையில் பார்த்தேன். கண் ஊசிமுனை மாதிரி தெளிவு, விரிந்த இறக்கையின் கீழே மணல் சிதறுகிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.

இறக்கையை இழுப்பது கூட்டை விட்டு ஆளை விலக்கும் நடிப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும், பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். வியூஃபைண்டருக்குள் கண் போய்விட்டால் தெரிந்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

அப்புறம் அது தண்ணீரோரம் ஓடி, அலை வந்த இடத்தில் உட்கார்ந்து வயிற்றை நனைத்தது. நேராகத் திரும்பி வந்தது. என்னைப் பார்த்து நின்றது. மறுபடி தண்ணீருக்கு ஓடியது. மூன்றாவது தடவைதான் உறைத்தது. வெயிலில் காயும் முட்டையைக் குளிர்விக்க ஈர வயிற்றோடு வருகிறது, நான் குறுக்கே கிடக்கிறேன். மெதுவாகத் தலையைத் திருப்பினேன். என் இடது கையிலிருந்து ஆறடி இருக்கும். உடைந்த சிப்பிகளுக்கு நடுவே மணல் நிறத்தில் மூன்று முட்டைகள், மேலே கறுப்புக் கிறுக்கல்.

வந்த தடத்திலேயே பின்னால் ஊர்ந்தேன். அறுபது காலடி தள்ளி நின்று பைனாகுலரில் பார்த்தால், ஏழு நிமிடம் கழித்துத்தான் உட்கார்ந்தது. கேமராவில் முதல் படம் 8.12, கடைசிப் படம் 8.49. முட்டைகள் அவ்வளவு நேரமும் திறந்து கிடந்திருக்கின்றன. கடலில் நனைந்து மணலில் புரண்டு வந்த அணிலை வியாழக்கிழமை வேடிக்கையாகத்தான் எழுதினேன்.

8 மார்ச், ஞாயிறு

கூட்டம். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு ஞாயிறு என்றால் இப்படித்தான். நேற்றைய மேட்டுக்கு இருபது காலடி தள்ளி மணலில் புது டயர் தடம். யாரோ வண்டியை இறக்கி வட்டமடித்திருக்கிறார்கள். கூட்டைச் சுற்றி நாலு குச்சி நடலாமா என்று யோசித்தேன். குச்சியில் காக்கை வந்து உட்காரும், நாய்க்கும் அடையாளமாகிவிடும். நடவில்லை. வனத்துறை ஊழியர் ஒருவரை மட்டும் ரோட்டிலேயே நிறுத்தி, எந்த மேடு என்று காட்டினேன். குறித்துக்கொண்டார்.

இரவு அறையில் 340 படத்தையும் பார்த்தேன். இரண்டைத் தவிர மற்றதை அழித்தேன். அந்த இரண்டை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நண்பர்கள் குழுவில் "கிடைச்சுதா?" என்று கேட்டிருந்தார்கள். "பார்த்தேன்" என்று மட்டும் போட்டேன்.

9 மார்ச், திங்கள்

சாயங்காலம் ரயில். காலையில் கேமரா இல்லாமல், பைனாகுலர் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டோரம் மதில் மேல் உட்கார்ந்து பார்த்தேன். இரவில் ஆண்தான் பெரும்பாலும் அடைகாக்கும் என்று படித்திருக்கிறேன். அடப்பங்கொடிக்குப் பின்னால் நெற்றிக் கறுப்போடு ஒரு தலை மட்டும் தெரிந்தது. 6.40-க்குப் பெண் பறவை மணலில் நடந்து வந்தது. ஆண் எழுந்தது, பெண் வயிற்றுச் சிறகைக் குலுக்கி உட்கார்ந்தது. ஆண் ஒரே ஓட்டமாக அலையோரம் போய், நிற்காமல் கொத்தித் தின்ன ஆரம்பித்தது.