முள் நகரவில்லை

மார்ச் 4
வண்டி திரும்பவும் செல்ஃப் எடுக்கவில்லை. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி 11.8 வோல்ட். நேற்றுதான் முழு சார்ஜ் ஏற்றி மாட்டியது.

மார்ச் 5
தள்ளி ஸ்டார்ட் செய்தோம். பேட்டரிக்குள் கரண்ட் போனால் பிளஸ், வெளியே வந்தால் மைனஸ் என்று காட்டும் ஆம்பியர் மீட்டர் முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. லைட்டைப் போட்டால் மைனஸ் பக்கம் சாய்கிறது, ஆக மீட்டர் சரி. பெல்ட்டும் டைட்டாகத்தான் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் புது வகை ஆல்டர்னேட்டர் மாட்டு என்கிறார்கள். இது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். பழுது எங்கே என்று பார்க்காமல் பாகத்தை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மார்ச் 6
அப்பா போனில் எடுத்த எடுப்பிலேயே, "முள் நகருதாடா?" உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதிலே இல்லை.

மார்ச் 7
இன்று டைனமோ முறை. கரண்ட் வெளியே வரும் டி முனை, ஃபீல்டு என்கிற காந்தச் சுருளுக்குப் போகும் எஃப் முனை, இரண்டின் ஒயரையும் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, வோல்ட் மீட்டரின் சிவப்பு ஒயரைப் பாடியிலும் கருப்பை டி முனையிலும் வைத்தால் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் தருவது அது, அதுவே இல்லையென்றால் ஃபீல்டுக்குப் பேட்டரி தொட்டு உயிர் கொடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் டி-யையும் எஃப்-ஐயும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தேன். 8, 12, 17 என்று தடுமாறாமல் ஏறியது. 20-க்கு மேல் விடக்கூடாது, நிறுத்திவிட்டேன். டைனமோ நல்ல டைனமோ! தூக்கிப் போடச் சொன்னவர்களை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

மார்ச் 8
மழை. வண்டியைத் தொடவில்லை. அப்பாவின் போன் எடுக்கவில்லை.

மார்ச் 9
டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்தேன். டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் சுவிட்ச்தான் அதிலுள்ள கட் அவுட். அதன் பாயின்ட் கருக்கவில்லை, ஆனால் இன்ஜின் எவ்வளவு வேகம் போனாலும் மூடவே இல்லை. அது 13 வோல்ட் பக்கம் வந்ததும் மூடியாக வேண்டும். டி முனையில் அதைவிட நிறையவே இருக்கிறது, பிறகென்ன கேடு? சும்மா ஒரு சந்தேகத்தில் பெட்டியின் இ (எர்த்) முனைக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 6 வோல்ட். கட் அவுட்டை இழுத்து மூடும் காயிலுக்குப் போக வேண்டிய வோல்ட் வழியிலேயே போகிறது. இ முனையிலிருந்து பாடிக்கு ஒரு ஒயரைத் தொட்டதும் கட் அவுட் கிளிக் என்று மூடியது, முள் பிளஸ் பக்கம் துள்ளியது. எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒயர் நுனியிலுள்ள லக்குக்கு அடியில் பச்சைக் களிம்பு, அதற்கும் கீழே யாரோ அடித்த பெயின்ட். இரும்பு தெரியும்வரை சுரண்டி மாட்டினேன்.

மார்ச் 10
செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது. முள் முதலில் பத்து ஆம்பியர், போகப் போக இரண்டு. பேட்டரி நிறைகிறது என்று அர்த்தம். அப்பாவிடம் சொன்னேன். "லைட்டைப் போட்டுப் பாத்தியா?" என்கிறார்.

மார்ச் 12
லைட்டைப் போட்டும் பிளஸ்தான். ஆனால் வேகம் கூட்டினால் முள் நடுங்குகிறது. டைனமோவில் கரண்ட் எடுக்கும் கார்பன் பிரஷ் ஹோல்டரில் சிக்குகிறதா, அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் அழுக்கா? காலையில் பின்மூடியைக் கழற்ற வேண்டும். இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.