ஃபாக்னர் வீட்டுச் சுவரில் ஒரு நாவல்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஆக்ஸ்ஃபோர்டு, மிசிசிப்பி மாநிலத்தின் பல்கலைக்கழக ஊர். அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர் தன் நாவல்களுக்காக யோக்னபடாஃபா என்று ஒரு மாவட்டத்தையே கற்பனையில் உருவாக்கினாரே, அது முளைத்த மண் இதுதான். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள பெய்லி காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. அதில் நடந்தால் அவர் வாழ்ந்த ரோவன் ஓக் வீடு வந்துவிடும்.

இருபுறமும் செடார் மரங்கள், முகப்பில் வெள்ளைத் தூண்கள். பெரிய பணக்காரர் வீடு போலத்தான் தெரிகிறது. ஆனால் 1930-இல் அவர் வாங்கியபோது மின்சாரமும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. 1840களில் கட்டிய வீடு; பழுதுபார்க்கும் வேலைகளில் பலவற்றை அவரே செய்தார். வீட்டை வாங்குவதற்கு முந்தைய ஆண்டுதான் பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே, ஏழு வாரத்துக்குள் 'அஸ் ஐ லே டையிங்' நாவலை எழுதி முடித்திருந்தார்.

நான் அதிக நேரம் நின்றது கீழ்த்தளத்து எழுத்தறையில். 'எ ஃபேபிள்' நாவலின் கதைத் திட்டத்தை அவர் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார். முதல் உலகப் போரில், ஒரு வாரத்தில் நடக்கும் கதை. திங்கள், செவ்வாய் என்று கிழமைகளைத் தலைப்பாகப் போட்டு, அதனதன் கீழே நடக்கப்போவதைப் பென்சிலிலும் சிவப்பு நிறத்திலும் குறித்திருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு மேல் அவரைப் பாடாய்ப்படுத்திய நாவல் அது. 1954-இல் வெளிவந்து புலிட்சர் பரிசும் பெற்றது. அவருடைய சிறந்த நாவல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போது, நோபல் வாங்கிய பிறகும் கதை கையைவிட்டு நழுவிவிடுமோ என்று அவர் பயந்தது புரிகிறது. நோபல் அறிவிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அவருடைய புத்தகங்களில் பெரும்பாலானவை அச்சிலேயே இல்லை. ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதித்தான் குடும்பத்தை ஓட்டினார். நான் அவரை இவ்வளவு நேசிப்பதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

அப்புறம் வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். கேரொலின் பார் என்ற கறுப்பினப் பெண்மணி வாழ்ந்த சிறு வீடு அங்கே இருக்கிறது. அடிமையாகப் பிறந்தவர், ஃபாக்னரைச் சிறுவயதில் வளர்த்தவர். 1940-இல் அவர் இறந்தபோது ரோவன் ஓக் கூடத்திலேயே இரங்கல் கூட்டம் நடத்தி ஃபாக்னர் பேசினார். 1942-இல் வந்த 'கோ டவுன், மோசஸ்' நூலை அவருக்கே சமர்ப்பித்தார். அடிமை முறையின் பாவத்தை அத்தனை நாவல்களில் துருவித் துருவி எழுதியவர், 1956-இல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறுமையாகப் போகச் சொன்னார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்களிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

1962 ஜூலையில் ஃபாக்னர் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர், வெள்ளையர்களுக்கென்றே இருந்த இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது கலவரம் வெடித்து இருவர் உயிரிழந்தார்கள். பல்கலைக்கழகத்தின் லைசியம் கட்டடத்துக்குப் பக்கத்தில் மெரிடித்துக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ரோவன் ஓக் போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்த கையோடு அதே காட்டுப் பாதையில் திரும்பி, அந்தச் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.