தையல் நூலும் எரியும்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே எங்கள் குஷன் கடை. வேன் சீற், பஸ் சீற், முச்சக்கரவண்டி மெத்தை எல்லாம் தைப்போம். ஒருநாள் நுவரெலியா மலையேற்றப் போட்டிக்குப் போகும் கார் ஒன்றின் சீற் வந்தது. "முதுகு நோகுது அண்ணன், நல்லா மெத்தென்று போட்டுத் தாங்க" என்றார் ஓட்டுகிற தம்பி. இரண்டு அங்குல ஸ்பொன்ஞ் வைத்து, ரெக்சின் போர்த்திக் கொடுத்தேன். சந்தோஷமாக எடுத்துப் போனார்.

அடுத்த நாள் பின்வளவில் வெல்டிங் பொறி ஒன்று அதே ஸ்பொன்ஞ்சின் வெட்டுத் துண்டில் விழுந்தது. சாம்பலாகவில்லை. உருகி, எரிந்துகொண்டே சொட்டியது. கறுத்த புகை தொண்டையைப் பிடித்தது. அந்த ஸ்பொன்ஞ் பொலியூரித்தேன் என்றும், அது எரிந்தால் காபன் மொனொக்சைட்டோடு ஐதரசன் சயனைட் என்ற நச்சு வாயுவும் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. சீற் பட்டி இறுக்கிக் கட்டியிருக்கும் ஒருவனுக்குக் கீழே அதையா வைத்தேன் என்று கை நடுங்கியது. அன்று மாலையே அழைத்து, "அந்தச் சீற்றோட ஓட்டாதீங்க தம்பி" என்றேன்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 'தீ தடுப்பு' என்று விற்கும் ஸ்பொன்ஞ் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண கார் உட்புறத் துணிக்கும் மெத்தைக்கும் அமெரிக்காவில் 302 என்றொரு தரவிதி உண்டு. கிடையாக வைத்துக் கொளுத்தினால் நிமிடத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல் தீ பரவக்கூடாது, அவ்வளவுதான். அதாவது எரியலாம், மெதுவாக எரிய வேண்டும். பெற்றோல் தீக்கு முன்னால் அது போதவே போதாது. அதோடு, திறந்த துளையுள்ள ஸ்பொன்ஞ் சிந்திய பெற்றோலைத் திரி போல உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர் வியர்வையையும்தான். மூடிய துளையுள்ள நுரை உறிஞ்சாது.

மேலே போர்த்த நோமெக்ஸ் நல்லது; அது அரமிட் என்ற, தீ தாங்கும் இழையில் நெய்த துணி. உருகிச் சொட்டாது, கருகித்தான் போகும். ஆனால் அதை நைலோன் நூலால் தைத்தால் முதலில் நூல் உருகும், தையல் பிரியும், உள்ளே உள்ள நுரை வெளியே வரும். எங்கள் தொழிலில் யாரும் கவனிக்காத இடம் இது. நூலும் அதே வகை அரமிட்டாக இருக்க வேண்டும்.

மெத்தென்று இருப்பதும் ஆபத்து என்பதை நான் யோசித்ததே இல்லை. மோதும்போது உடம்பு மெதுமெத்தையை அமுக்கிக்கொண்டு வேகம் எடுத்து, கடைசியில் சீற்றின் கடினமான வெளி ஓட்டில் போய் இடிக்கும். முள்ளந்தண்டு அந்த இடியை வாங்கும். மெத்தை அமுங்க அமுங்கப் பட்டியும் தளரும். அதனால் அடியில் மெல்லியதாக, அழுத்தமான நுரை போதும். தலை படும் இடத்துக்கு மோதும் அதிர்ச்சியை உறிஞ்சும் தனி வகை நுரை வேண்டும். அதிலும் சில வகைகள் வெயிலில் இளகும். கொழும்புக்காரர் இதை மறக்கக்கூடாது.

தம்பி திரும்ப வந்தபோது தலைக்கவசத்தோடு உட்காரவைத்துப் பட்டியை இறுக்கச் சொன்னேன். இடுப்புக்குப் பின்னால் என் கை முழுதாக நுழைந்தது. வலி அந்த இடைவெளியால்தான் வந்திருக்கிறது. அங்கே மட்டும் மூடிய துளை நுரையை ஆப்பு மாதிரிச் சீவி, நோமெக்ஸால் மூடித் தைத்தேன். மற்ற இடத்தில் அரை அங்குலம்கூட இல்லை.

உட்கார்ந்து பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு அண்ணன்" என்றார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, "ஆனா முதுகு நோகல்ல" என்றார்.