மூன்று நாள் டிக்கெட்

நவம்பர் 11, செவ்வாய்

இவர் காலுக்கு மாவுக்கட்டு போட்டாச்சு. இவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 12, புதன்

"அறுபது தினார் குடுத்திருக்குது புள்ள, நீயாவது போயிட்டு வா" என்று காலையிலேயே விரட்டிவிட்டார். ஜோர்டானில் பெட்ரா என்கிற இந்தப் பழைய ஊருக்குள் போக ஒரு நாளுக்கு 50, மூன்று நாளுக்கு 60 என்றால் யார்தான் ஒரு நாள் டிக்கெட் வாங்குவார்கள். ஒரு நாள் டிக்கெட்டாக இருந்தாலும் நேற்றுதான் விழுந்திருப்பார், அது வேறு விஷயம்.

நேற்று இவர் பேசிக்கொண்டே வந்ததில் உள்ளே போகிற மலையிடுக்கு வழியை, சீக் என்கிறார்கள், நான் சரியாகப் பார்க்கவே இல்லை. ஒன்றேகால் கிலோமீட்டர் போல வரும், இரண்டு பக்கமும் பாறை நெட்டுக்குத்தாக நிற்கிறது, சில இடத்தில் கையை விரித்தால் தொட்டுவிடலாம் போல ஒரு பிரமை. இன்று தனியாக நடந்ததால் சுவரையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், எதிர்ப்பக்கம் சுட்ட மண்குழாய் பதித்த தடம். குழாய்க்குள் குழாய் செருகி, சந்தில் சாந்து பூசி, சரிவு கெடாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்த ஊரைப் பாறையில் குடைந்த நபட்டேயர்கள் செய்தது, இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் போன மாசம் போட்ட குழாய் அதற்குள் ஒழுகுகிறது.

பாதி வழியில் ஒட்டகச் சிற்பம். மேல்பாகம் முழுக்கக் கரைந்துவிட்டது. ஒட்டகத்தின் கால்கள் இருக்கின்றன, ஓட்டிவந்தவனின் பாதமும் உடுப்பின் கீழ்மடிப்பும் இருக்கின்றன. முகம் இல்லை. கணுக்கால் இருக்கிறது. அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன்.

பாறையில் குடைந்த கஸ்னே முகப்பையும் பார்த்தேன். நாற்பது மீட்டர் உயரம். போட்டோவில் இருப்பதுதான்.

நவம்பர் 13, வியாழன்

இன்சூரன்ஸ்: "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." மூன்றாவது முறை.

இரவு. மத்தியானம் மேகம் கட்டியது. டீக்கடைக்காரர் சேஜ் இலை போட்ட டீயை நீட்டிவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. 1963ல் சீக்குக்குள் வெள்ளம் புகுந்து பிரெஞ்சுப் பயணிகள் இருபது பேருக்கு மேல் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாயிலில் நபட்டேயர்கள் அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அது பாழடைந்து கிடந்ததில்தான் இந்தச் சாவு. அதற்கப்புறம்தான் அணையை மறுபடி கட்டினார்கள். மழை வரவில்லை. நான்தான் பாதி ஓட்டமாகத் திரும்பி வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று இங்கே விடுமுறை, எந்த ஆபீசும் இல்லை, யாரையும் கூப்பிட முடியாது.

மணிக்கொரு தரம் கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களை அமுக்கிப் பார்க்கிறேன். நகம் வெளுத்து உடனே சிவப்பு திரும்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னார். திரும்புகிறது. ஆனால் "உடனே" என்றால் எவ்வளவு உடனே? ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன், அப்புறம் என் விரலை அமுக்கி அதையும் எண்ணுகிறேன், என்னுடையதே ஒரு தரம் சீக்கிரமாகவும் ஒரு தரம் மெதுவாகவும் வருகிறது, இரவு மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்ததில் இவர் எழுந்து கத்தினார்.

கோபம் தணிய பெட்ரா பேச்சை எடுத்தேன். முப்பது வருஷம் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர், அவர் கண்ணுக்கு எல்லாமே லோடுதான். "இது கோயிலுமில்ல, கோட்டையுமில்ல புள்ள, லாரி ஸ்டாண்டு" என்கிறார். இந்த வழியே போன சாம்பிராணி நபட்டேயர்கள் ஊரில் விளைந்ததா என்றால் இல்லை, ஏமன் பக்கத்துச் சரக்கு, போய்ச் சேருவது காஸா துறைமுகத்துக்கு. நடுவில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து, வழி காட்டி, சுங்கம் வாங்கியே இத்தனை மலையைக் குடைந்திருக்கிறார்கள். தண்ணி இருக்கிற இடத்தில்தான் வண்டி நிற்கும், வண்டி நிற்கிற இடத்தில்தான் காசு. அப்புறம் கப்பல்கள் செங்கடல் வழியே எகிப்துக்குச் சரக்கை இறக்க ஆரம்பித்தன, கி.பி. 106ல் ரோம் இவர்கள் ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டது, 363ல் நிலநடுக்கம். "பைபாஸ் போட்டா பழைய ரோட்டு ஓட்டல்காரன் கதி என்னாகும், அதான்" என்றார். சொல்லும்போது கால் வலியை மறந்திருந்தார். நான் மறக்கவில்லை.

நவம்பர் 15, சனி

ஐன் மூசா போனேன். மூசா நபி பாறையில் அடித்து நீர் வரவழைத்த இடம் என்கிறார்கள். மூன்று வெள்ளைக் குமிழ்க்கூரை, உள்ளே ஒரு பாறை, கீழே சலசலவென்று தண்ணீர். அந்தக் குழாய்களில் ஓடியதும் இங்கிருந்து போன தண்ணீர்தான். ஒரு பாட்டிலில் பிடித்துவந்து கொடுத்தேன். "சப்புனு இருக்குது" என்று முழுசும் குடித்துவிட்டார்.

வழியில் கழுதைக்காரப் பையன். அத்-தெய்ர் என்கிற மலைக் குடைவுக்குப் போகும் எண்ணூறு படியிலும் இவரைக் கழுதைமேல் வைத்து "ஷ்வாய், ஷ்வாய்" (மெதுவா, மெதுவா) என்று இறக்கிக் கொண்டுவந்தவன். அவன் பாட்டி பிறந்தது பெட்ரா குகையிலாம், 1985ல்தான் எல்லாரையும் பக்கத்தில் உம் ஸைஹூன் என்கிற கிராமத்துக்கு மாற்றினார்களாம். இவர் காலைப் பற்றிக் கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பரிசீலனையில் உள்ளது.

நவம்பர் 17, திங்கள்

பெருவிரல் கொஞ்சம் நீலம் பூத்த மாதிரி தெரிகிறது. இந்த டியூப் லைட்டில் எல்லாமே நீலமாகத்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தேன். கீழே போய் டாக்ஸி சொல்லிவிட்டு வருகிறேன்.