வாலில்லாத விமானத்துக்கு வால் கனம்

பறந்துவிட்டது. மூன்று முறை மூக்கு நசுங்கி, இரண்டு புரொப்பெல்லர் உடைந்து, நாலாவது வாரம் ஒருவழியாகப் பறந்துவிட்டது.

நுனிக்கு நுனி 1.2 மீட்டர் ஃப்ளையிங் விங், அதாவது வாலே இல்லாமல் இறக்கை மட்டுமே உள்ள ரிமோட் மாடல் விமானம். இறக்கையின் முன்-பின் அகலம் நடுவில் 300 மி.மீ., நுனியில் 180 மி.மீ. நுனியின் முன்விளிம்பு 240 மி.மீ. பின்தள்ளி இருக்கிறது. பின்னால் மோட்டார். சூடான கம்பியால் (ஹாட் வயர்) ஃபோமை வெட்டியது, கார்பன் குழாய் செருகியது, டேப் சுற்றியது எல்லாம் வழக்கம்போலத்தான். பேட்டரியோடு 620 கிராம்.

முதல் தடவை கையை விட்டதுமே படமெடுத்த பாம்பு மாதிரி மூக்கைத் தூக்கியது. அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, இடது இறக்கை சரிந்தது, விழுந்தது. எலிவானை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகையை, அளவுக்கு மேல் தூக்கி வைத்துவிட்டேன் போல என்று அந்தத் தூக்கலை (டிரிம்) குறைத்தேன். இரண்டாம் முறை கொஞ்ச தூரம் நேராகப் போனது. சின்னதாக ஒரு காற்று தட்டியது, மூக்கு கீழே போனது போனதுதான். ரிமோட்டின் ஸ்டிக்கை இழுத்தால் துள்ளி எழுந்து, தூக்குவிசை இழந்து ஸ்டால். மூன்றாம் முறையும் அதே கதை. எலிவான் தலைகீழாக ஓடுகிறதோ என்று பத்து முறையாவது பார்த்திருப்பேன். இழுத்தால் இரண்டும் மேலே, வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே, இடது கீழே. அதில் தப்பே இல்லை.

தப்பு என் பழக்கத்தில் இருந்தது. இதுவரை கட்டியதெல்லாம் வாலுள்ள டிரெய்னர்கள், பழகுவதற்கான விமானங்கள். அவற்றில் சிஜியை, அதாவது எடை சமமாகும் புள்ளியை, முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25-லிருந்து 33 சதவீதத்துக்குள் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எறியலாம். சிஜி எந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால் விமானம் தானாக நிலைக்குத் திரும்புமோ அதுதான் நியூட்ரல் பாயின்ட். வால் இருப்பதால் அது நன்றாகப் பின்னால் போய்விடும், சிஜி தானாகவே அதற்கு முன்னால் அமைந்துவிடும். ஃப்ளையிங் விங்கில் அந்த 25 சதவீதம்தான் நியூட்ரல் பாயின்ட்டே. நான் சிஜியைக் கொண்டுபோய் அதன் தலைமேலேயே உட்கார வைத்திருக்கிறேன். ரிஃப்ளெக்ஸ், அதாவது பின்விளிம்பின் அந்த மேல்தூக்கல், மூக்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சிஜி முன்னால் இருந்தால்தான் அதைக் கீழே இழுத்துச் சமன்செய்யும். இழுக்க ஆளில்லாமல் அது வானத்தைப் பார்த்து எழுந்ததில் ஆச்சரியமில்லை. ரிஃப்ளெக்ஸைக் குறைத்தபோதோ, அதைப் பழைய நிலைக்குத் திருப்ப எதுவுமே இல்லை. சிஜி பின்னால் போனால் 'வால் கனம்' என்போம்; வாலே இல்லாத விமானத்துக்கு வால் கனம் என்று எந்த முகத்தோடு சொல்வது!

ரைட் சகோதரர்களின் 1903 விமானமும் இப்படித்தான், மூக்கு ஏறி இறங்குவதில் நிலைப்புத்தன்மை இல்லாதது. ஓட்டியவர் விடாமல் திருத்திக்கொண்டே முதல் பறப்பில் 12 விநாடி தாக்குப்பிடித்தார். எனக்கு 3 விநாடிகூடத் தேறவில்லை.

திரும்பக் கணக்குப் போட்டேன். சராசரி நாண், அதாவது இறக்கையின் சராசரி முன்-பின் அகலம், 245 மி.மீ. அதன் முன்விளிம்பு மூக்கிலிருந்து 110 மி.மீ. பின்னால். நாணில் கால்வாசியைக் கூட்டினால் நியூட்ரல் பாயின்ட் 171 மி.மீ. அங்கிருந்து நாணில் 8 சதவீதம் முன்னால் வந்தால் சிஜி 152 மி.மீ.

இப்போது என்னைப் படுத்தியெடுத்த விஷயத்துக்கு வருகிறேன்: அந்த 152-ஐ அளப்பது. எல்லாரும் இரண்டு ஆள்காட்டி விரலில் தூக்கிப் பார்க்கிறோம். விரல் பதியும் இடமே 10 மி.மீ. அகலம். 245-இல் அது 4 சதவீதம், அதாவது எனக்குக் கிடைத்திருக்கும் மொத்த இடைவெளியில் பாதி. போதாக்குறைக்கு ஃபோம் விரலுக்குக் கீழே அமுங்கிக்கொடுக்கும், விமானம் எங்கே பிடித்தாலும் சமமாக நிற்பது போலத் தெரியும். வாலுள்ள விமானத்தில் இந்த ஏமாற்று வேலை செல்லும், இதில் செல்லாது. பலகையில் இரண்டு மரக்குச்சிகளை நிறுத்தி, மேலே பென்சில் கட்டைகளைக் குறுக்காகப் படுக்கவைத்து ஒட்டினேன். இறக்கையின் அடியில், சிஜி கோட்டின் மேல், கடினமான பிளாஸ்டிக் துண்டு ஒன்று இரு பக்கமும். இப்போது 1 மி.மீ. நகர்த்தினாலே சாய்கிறது. விரலில் 'சரியாக' இருந்த விமானத்தை இதில் வைத்ததும் பொத்தென்று பின்பக்கம் உட்கார்ந்தது, கோபமே வந்துவிட்டது.

சிஜி 19 மி.மீ. முன்னால் வர 150 கிராம் பேட்டரியை 8 செ.மீ. தள்ள வேண்டியிருந்தது. மூக்கில் அவ்வளவு இடம் ஏது? முன்னால் ஒரு ஃபோம் கட்டையை ஒட்டிக் குடைந்தேன். பார்க்க ஆமைத் தலை மாதிரி இருக்கிறது. ஈயம் வைத்திருக்கலாம், ஆனால் பறக்கிற பொருளில் சும்மா எடை சுமக்க எனக்கு மனம் வராது.

எலிவானை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோ பற்றி ஒரு புலம்பல். நாலு சேர்ந்த பாக்கெட்டாக வாங்கினேன், ஒன்றில் பல்சக்கரம் ஆடுகிறது. எலிவான் பின்விளிம்பில் 1 மி.மீ. ஆட்டம் என்றால் மொத்த ரிஃப்ளெக்ஸே 2 மி.மீ. இருக்கும் விமானத்தில் அது சின்ன விஷயமா? விற்றவரிடம் கேட்டால் எல்லாம் அப்படித்தான் என்கிறார். இனி உலோகப் பல்சக்கரம் மட்டும்தான்.

நாலாவது எறிதலில் லேசாக இறங்கி, வேகம் பிடித்து, தானே சமமாகிப் போனது. உயரத்தில் 45 டிகிரி டைவ் விட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தேன். பெரிய வளைவாக, அவசரமே இல்லாமல் எழுந்தது. அப்புறம் பேராசையில் சிஜியை 155-க்குத் தள்ளினேன். சறுக்கிப் பறக்கும் தூரம் இன்னும் நீளம், ஆனால் காற்றில் கொஞ்சம் பதறுகிறது. 158 வரை போய்ப் பார்க்க ஆசை, புரொப்பெல்லர் கைவசம் ஒன்றுதான் இருக்கிறது.

ஜாவாக் காட்டில் அல்சோமித்ரா என்றொரு கொடி. அதன் விதை 13 செ.மீ. அகல மெல்லிய இறக்கையோடு மிதந்து இறங்கும். வால் கிடையாது, சர்வோ கிடையாது, எடை மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அடுத்தது அந்த வடிவத்தில், மோட்டாரே இல்லாமல், 1.6 மீட்டரில் ஒன்று. வரைபடம் பாதி போட்டாகிவிட்டது. இப்போது பறந்த விமானத்தின் இறக்கை நுனித் துடுப்புகளோ இன்னும் டேப்பில்தான் தொங்குகின்றன.