காந்திபுரத்துக்கு நடக்கிற தூரத்தில்

நவம்பர் 1, 2025, சனி

அன்னூரிலிருந்து ஆபீஸ் இருக்கும் கோவை காந்திபுரம் 30 கிலோமீட்டர். சரவணம்பட்டியிலும் கணபதியிலும் நின்று நின்று வர இன்று ஒன்றரை மணி நேரம். ராத்திரி அவரிடம் சொல்லிவிட்டேன், ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு வேண்டும். எங்கள் கையிருப்பும் கடனும் சேர்த்தால் 45 லட்சம் வரை முடியும். அந்தக் காசுக்கு அங்கே தனி வீடு கனவிலும் கிடைக்காது. அப்படியென்றால் ஃபிளாட்தான். அப்பாவுக்கு போன் போட்டேன். “அந்தரத்துல தொங்கற வீட்டுக்கா அம்மிணி அத்தன காசு?” என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

கணபதி பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு புதுக் கட்டடம். மாதிரி வீட்டுக்குள் ஏசி குளுகுளுவென்று இருந்தது. கூட வந்த பையன் 1,080 சதுர அடி, 78 லட்சம் என்றான். எங்கள் கணக்குக்கு எட்டாத விலை, ஆனாலும் போனதற்கு முழுசாகக் கேட்டுவிடலாம் என்று நின்றேன். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் இடம், எவ்வளவு என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது. 760. மீதி 320 சதுர அடி வெளிச்சுவர், பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா. வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் 2016 ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியாவை வைத்துத்தான் விற்க வேண்டும், ஆனால் விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது என்னவோ 1,080தான். கட்டி முடியாத வீடு, 45 லட்சத்துக்கு மேல், அதனால் ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. அதுவே 3 லட்சத்து 90 ஆயிரம்.

அம்மாவும் வந்திருந்தார். துணி துவைக்கும் இடம் என்று இரண்டு பேர் நிற்க முடியாத ஒரு பால்கனியைக் காட்டினான். “இதான் பொடக்காளியா கண்ணு?” என்று, எங்கள் ஊரில் கொல்லைப்புறத்தைச் சொல்கிற பேரில், அம்மா கேட்டதற்கு, அவனும் ஊர்க்காரன்தான் போல, சிரித்துவிட்டான்.

ராத்திரி அப்பாவின் ஒரே கேள்வி, “எடம் எத்தன சென்ட்டு?” யுடிஎஸ், அதாவது அடிமனையில் நம் பேருக்கு வரும் பிரிக்கப்படாத பாகம், 290 சதுர அடி. ஒரு சென்ட் 435.6. வகுத்துப் பார்த்தால் முக்கால் சென்ட்கூட இல்லை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை. லங்கா கார்னரில் தண்ணீர் நிற்கிறது என்றார்கள். வீடு பார்க்கப் போகவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

டாடாபாத், காந்திபுரத்துக்கு நடக்கிற தூரம். புரோக்கர் முதலிலேயே சொல்லிவிட்டார், “பழசுங்க, 1994ல கட்டுனது, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாதுங்க.” 54 படி, எண்ணினேன். 820 சதுர அடி, மொசைக் தரை, சமையலறையில் ஆள் ஏறிப் படுக்கிற அளவுக்கு அட்டாலி. ஜன்னலைத் திறந்தால் ஒரு வேப்பமரத்தின் உச்சி. யுடிஎஸ் 470, ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே! இதை அப்பாவிடம் எப்போது சொல்வோம் என்று இருந்தது.

வீட்டுக்கார அம்மாவுக்கு 70 வயதிருக்கும். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். போர் தண்ணீர் உப்பு, நல்ல தண்ணீர் வருகிற அன்று தொட்டியில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார். ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு முழங்காலைத் தொட்டுக் காட்டினார். “படி ஏற முடியலீங் கண்ணு.” இந்த விலைக்கு இது கிடைக்கிறதும் அந்தப் படிகளால்தான். எனக்கு இப்போது 41.

46 லட்சம் சொன்னார், 43க்கு வந்தார்.

நவம்பர் 29, சனி

வில்லங்கத்தை, அதாவது வீட்டின் பேரில் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும், இணையத்திலேயே இலவசமாகப் பார்த்துவிடலாம். போட்டதும் ஒன்று மாட்டியது. 2003ல் வீட்டின் பேரில் வாங்கிய கடன் அடமானமாக அப்படியே நிற்கிறது. அந்த அம்மா டிரங்குப் பெட்டியைக் கிளறி, கடன் அடைத்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அடைத்தது சரி, ஆனால் அடமானம் தீர்ந்தது என்கிற ரசீது ஆவணம் பதியவில்லை. அவர் வீட்டுக்காரர் இருந்தபோதே முடித்திருக்க வேண்டிய வேலை. எங்கள் வக்கீல், “பெரிய வெசனமில்ல, ரசீதைப் பதிஞ்சு குடுத்துட்டுக் கிரயம் பண்ணட்டும், அக்ரிமெண்ட்லயே எழுதிருவோம்” என்றார். தாய்ப்பத்திரம் சுத்தம்.

டிசம்பர் 5, வெள்ளி

வங்கி மதிப்பீட்டாளர் வந்தார். பத்தே நிமிடம், சுவரைத் தட்டிப் பார்த்தார், 39 லட்சம் என்று எழுதினார். 30 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் மதிப்பில் 80 சதவீதம்தான். ஆக, 31 லட்சத்து 20 ஆயிரம். பத்திரச் செலவுக்கு வங்கி தராது. பழைய வீடு என்பதால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், 3 லட்சத்து 87 ஆயிரம். கையிலிருந்து போட வேண்டியது 15 லட்சத்து 67 ஆயிரம், புரோக்கர் கமிஷன் இல்லாமல். மொத்தக் கணக்கு 45ஐத் தாண்டிவிட்டது. என் ஆரமும் நெளிவளையல்களும் அடகுக்குப் போகின்றன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை மார்கழி பிறக்கிறது. அதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. வெள்ளிக்கிழமை கொடுத்து, மூன்று மாத அக்ரிமெண்ட் போட்டாயிற்று. ரசீது பதிவானால் தை மாதம் கிரயம்.

இன்று அப்பா வந்தார். 54 படியில் இரண்டு இடத்தில் நின்றார். வீட்டைச் சுற்றிப் பார்த்தது இரண்டே நிமிடம். கீழே இறங்கி வந்து காம்பவுண்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை காலடியால் அளந்தார். அசோசியேஷன் செகரட்டரி வந்து என்னங்க என்று கேட்டார்.

“எங்க பிள்ளைக்கு ஒரு சென்ட்டு வருதுங்களே, அது எந்தப் பக்கங்க?”

“அப்பிடிப் பிரிக்க முடியாதுங்க. 12 வீட்டுக்கும் பொதுவுங்க.”

அப்பா வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப இந்த மரத்துல எங்களுக்கும் பங்கு உண்டுங்களா?”

“உண்டுங்க. எலை கூட்டற முறையும் உண்டுங்க.”